ஆள் படமும் சைக்கிள் படமும்

மனிதனையும் மிருகத்தையும் பிரிப்பது பேச்சு அல்ல, சிரிப்பு அல்ல, நெருப்பும் அல்ல, கோடு. கோடு போடத் தெரிந்த அன்றைக்குத்தான் மனிதன் மனிதனானான். வயலுக்கு வரப்பு, வீட்டுக்குச் சுவர், நாட்டுக்கு எல்லை என்று கோடாகப் போட்டுப் போட்டுத்தான் நாகரிகம் இவ்வளவு தூரம் வந்து சேர்ந்திருக்கிறது.

இதைச் சொன்னவர் நகராட்சித் தலைவர். சொன்ன இடம் ஆற்றுப் பாலத்தின் கிழக்கு முனையில் போட்டிருந்த சாமியானா. சொல்லி முடித்துக் கைதட்டலுக்காகக் காத்திருந்தபோது அவருடைய வலது செருப்பு புதுக் கோட்டின் ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. போட்டோவில் பளிச்சென்று விழவேண்டும் என்று இன்ஜினியர் அன்று காலையில்தான் முதல் நாற்பது அடிக்கு இன்னொரு கோட்டிங் அடிக்கச் சொல்லியிருந்தார். இரண்டு பேர் குனிந்து செருப்பை உரித்து எடுத்தார்கள். தலைவர் ரிப்பனை வெட்டினார், நாற்பது எட்டு நடந்தார், போட்டோவுக்கு நின்றார், வந்த வழியே திரும்பி டீயும் பிஸ்கட்டும் சாப்பிடப் போய்விட்டார். பாலத்தின் நடுவுக்குப் போக முந்நூறு எட்டு வைக்க வேண்டும்.

அந்தக் கோட்டைப் போட்டவர் கூட்டத்தின் கடைசியில் நின்றுகொண்டிருந்தார். நகராட்சி பெயிண்டர். ஊரில் அவருக்கு ரசமட்டம் என்று பேர். கொத்தனார்கள் சுவரின் மேல் வைத்துக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார்களே, அந்தச் சாமான். எதைக் கண்டாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒற்றைக் கண்ணை இடுக்கி, நேரா கோணலா என்று பார்க்கிற பழக்கம் அவருக்கு. அவருடைய கல்யாணப் போட்டோவில்கூடத் தலை சாய்ந்துதான் இருக்கிறது. போட்டோக்காரருக்குப் பின்னால் இருந்த ஜன்னல் கோணலாம். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஊரின் சாலைகளில் அவர் போட்ட கோடு ஒன்றுகூட வளைந்ததில்லை. வளைந்ததெல்லாம் சாலைதான்.

பாலத்தில் இரண்டு வழி. ஒன்று பஸ்ஸும் லாரியும் போகிற சாலை. அதற்குத் தெற்கே, இடுப்பு உயரச் சுவருக்கு அந்தப் பக்கம், ஆறடி அகலத்தில் ஒரு பாதை. பாதையின் ஒரு பக்கம் அந்தச் சுவர். இன்னொரு பக்கம் கம்பித் தடுப்பு. கம்பிக்குக் கீழே ஆறு. கிழக்குக் கரையில் வீடுகள், மேற்குக் கரையில் ஆஸ்பத்திரி, நூற்பாலை, ரொட்டி ஆலை. காலையில் கிழக்கிலிருந்து மேற்கே ஊரே நகரும், சாயங்காலம் திரும்பி வரும். நடக்கிறவர்களும் சைக்கிள்காரர்களும் நாற்பது வருஷமாக அந்த ஆறடியில்தான் போய் வந்தார்கள்.

கோடு கிடையாது. மணிதான். ஒரு மணி என்றால் பின்னால் வருகிறேன். இரண்டு மணி என்றால் இருக்கிற இடத்திலேயே நில், நான் சுற்றிக்கொண்டு போகிறேன். விடாமல் அடித்தால் பிரேக் இல்லை. நடக்கிறவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எந்தப் பக்கம் ஒதுங்கப் போகிறார்களோ அந்தப் பக்கக் கையை லேசாக விரித்துக் காட்டுவார்கள்.

"ஓரம், ஓரம்!"

"எந்த ஓரம்? ஆத்துக்குள்ள இறங்கட்டுமா?"

"இறங்கிக் குளிச்சிட்டு வா, நாலு நாளாச்சு போல!"

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. நாற்பது வருஷத்தில் சேதம் என்று பார்த்தால் ஒரு கூடை முட்டை, ஒரு மூக்குக்கண்ணாடி. இடித்துக்கொண்ட இரண்டு பேர் கல்யாணம் செய்துகொண்டதையும் சேதத்தில் சேர்த்தால் மூன்று.

இந்த நிலையில் நடப்போர் நலச் சங்கம் என்று ஒன்று கிளம்பியது. அதன் மூன்று நிர்வாகிகளும் மனுக் கொடுக்கக் காரில் வந்தார்கள். இதைக் கேள்விப்பட்டு மிதிவண்டியாளர் பேரவை என்று ஒன்று உதித்தது. அதன் தலைவர் மோட்டார் பைக்கில் வந்தார். இரு தரப்புக்கும் நீதி வழங்க நகராட்சி ஓர் ஆணை பிறப்பித்தது: நடப்போர் இடப்புறம், மிதிவண்டியாளர் வலப்புறம், நடுவே கோடு, முப்பது அடிக்கு ஒருமுறை உரிய படம். இரண்டு முனையிலும் ஒரு பலகை வைத்தார்கள். பாதை பிரிக்கப்பட்டுவிட்டபடியால் மணி அடித்தல் இனித் தேவையற்றது, தவிர்க்கவும் என்று அதில் எழுதியதும் ரசமட்டம்தான்.

நாலு நாள் வேலை. நகராட்சித் தலைவருக்கு அடுத்த வாரம் வேறு திறப்பு விழாக்கள் இருந்ததால் இரண்டு நாளில் முடிக்கச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிழக்கு முனையில் மண்டி போட்டார். நீலப்பொடி தேய்த்த நூலை இரண்டு ஆணிக்கு நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டி, நடுவில் இரண்டு விரலால் தூக்கிச் சுண்டினால் தரையில் ஒரு நீலக் கோடு விழும். அதன் இரு ஓரமும் நாடா ஒட்டி, இடையில் வெள்ளை அடித்து, காய்வதற்குள் கண்ணாடிப் பொடி தூவி, நாடாவை உரிக்க வேண்டும். உரிக்கிறபோது மூச்சை அடக்கிக்கொள்வார். ஆற்றுக் காற்று பொடியைக் கண்ணில் வாரி அடித்தது. முட்டியில் கட்டியிருந்த சாக்கு இரண்டு தடவை கிழிந்தது. மத்தியானத்துக்கு மேல் படங்கள். தகரத்தில் வெட்டிய இரண்டு அச்சுத் தகடு: ஒன்றில் ஒரு காலைத் தூக்கிய ஆள், ஒன்றில் சைக்கிள். இடது கைப் பக்கம் ஆள், வலது கைப் பக்கம் சைக்கிள். முப்பது அடி நகர்ந்து மறுபடியும் இடது கைப் பக்கம் ஆள், வலது கைப் பக்கம் சைக்கிள். பொழுது சாயும்போது பாலத்தின் நடுவுக்கு வந்துவிட்டார்.

சனிக்கிழமை அந்தப் பாதி காயவில்லை. மேலே கால் வைக்க முடியாது. அதனால் டப்பாக்களையும் தகடுகளையும் நகராட்சி வேனில் ஏற்றி, சாலை வழியாக மேற்குக் கரைக்குப் போய், அந்த முனையிலிருந்து ஆரம்பித்தார். இடது கைப் பக்கம் ஆள், வலது கைப் பக்கம் சைக்கிள். ஆணை அதுதான். சாயங்காலம் மேற்கிலிருந்து வந்த கோடு கிழக்கிலிருந்து வந்த கோட்டை நடுப்பாலத்தில் வந்து தொட்டது. மயிரிழை பிசகவில்லை. அவர் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார். சாலையில் வேனை நிறுத்திவிட்டுச் சுவர்மேல் கையூன்றி நின்ற டிரைவரைக் கூப்பிட்டார்.

"இங்க பாருப்பா. ரெண்டு கோடும் எந்த இடத்துல சேருதுன்னு கண்டுபிடி பார்க்கலாம்."

"தெரியலயே அண்ணே. ஒரே கோடாத்தான் இருக்கு."

"தெரியாது. யாரு வந்து பார்த்தாலும் தெரியாது."

கோட்டை மட்டுந்தான் பார்த்தார். கோட்டின் இரு பக்கமும் இருந்ததை அந்த ஊரில் வேறு யாராவது பார்த்திருப்பார்கள். ஒரு கோடுபோடுகிறவர் பார்க்க மாட்டார்.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. அன்று சாயங்காலம் ரசமட்டத்தின் மனைவி வாசலில் உட்கார்ந்து அடுத்த நாள் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. ஒரு நாளைக்கு இருநூறு படுக்கை விரிப்பு இஸ்திரி போட வேண்டும்.

"நாளைக்கு உனக்கு முதல் ஷிப்ட்டுதான?"

"ஆமாங்க. அஞ்சரைக்கு அங்க நிக்கணும்."

"ஆள் படம் எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கமே போ. விலகாத. கோடு போட்டவன் வீட்டு ஆளே மாறி நடந்தா ஊரே சிரிக்கும்."

"நான் என்ன லாரியா? ஒரு பக்கமாத்தான போவேன்."

"எதிர்ல வர்றவங்ககூடப் பேசிக்கிட்டே குறுக்கால போவியே, அதச் சொல்றேன்."

"சரி. உங்க ஆள் படத்து மேலேயே அடி வச்சுப் போறேன், போதுமா? பாவம், அவனுக்கு மூஞ்சிகூடப் போடல நீங்க."

"அரசாங்க ஆளுக்கு மூஞ்சி எதுக்கு?"

அவள் ஊசியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

திங்கட்கிழமை விடியற்காலையில் ஆற்றின் மேல் பனி இறங்கியிருந்தது. பாதையில் ஆறடிக்கு அப்பால் ஆள் தெரியாது. அவள் சொன்ன சொல் தவறாமல் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே, கம்பிப் பக்கமாக, ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு நடந்தாள். எதிரே மேற்கிலிருந்து ரொட்டிக்காரர் வந்தார். ஆலையில் ரொட்டி ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரைக் கடைகளுக்குப் போடுகிறவர். கேரியரில் அலமாரி மாதிரி ஒரு தகரப் பெட்டி. அவரும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டுதான் வந்தார். சைக்கிள் படத்தின் மேல். அதுவும் கம்பிப் பக்கம்தான். மணி அடிக்கவில்லை.

நடுப்பாலத்தில் இரண்டு பேரும் மோதிக்கொண்டார்கள். சைக்கிளும் பெட்டியும் அவள் இடுப்பின் மேல் விழுந்தன. ரொட்டிக்காரரின் தலை கம்பித் தூணில் அடித்தது. சூடு ஆறாத பன்கள் பாதை நெடுக உருண்டு கிடந்தன. பின்னால் வந்தவர்கள் முதலில் வாசனையைத்தான் உணர்ந்தார்களாம்.

ரொட்டிக்காரர் கண்ணைத் திறக்காமலே நாலாம் நாள் செத்துப்போனார்.

ரசமட்டம் அந்தத் திங்கட்கிழமையே பத்து மணிக்குமேல், ஆஸ்பத்திரியில் மனைவியை ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோன பிறகு, நடுப்பாலத்துக்கு வந்தார். பனி விலகி வெயில் வந்திருந்தது. வழக்கம்போலத் தலையைச் சாய்த்தார். கோடு நேராக இருந்தது. அப்புறம்தான் கம்பிப் பக்கமாக ஒரு படத்தைப் பார்த்தார்: ஆள். முப்பது அடி தள்ளி, அதே கம்பிப் பக்கம்: சைக்கிள். சுவர்ப் பக்கம் பார்த்தார்: சைக்கிள், முப்பது அடி தள்ளி ஆள். இந்தக் கரையிலிருந்து வந்தால் எது இடதோ, அந்தக் கரையிலிருந்து வந்தால் அது வலது. ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிகிற விஷயம். அவர் பக்கத்தில் ஒரு சைக்கிள்காரர் இறங்கி, சைக்கிளைத் தூக்கிக் கோட்டைத் தாண்டி மறுபக்கம் வைத்து, ஏறிக்கொண்டு போனார்.

"நேத்திலேருந்து இப்படித்தான் மாறி மாறிப் போறோம். ஏதோ திட்டம் இருக்கும்போல" என்றார் போகிறபோது.

மனைவியை மூன்றாம் வாரம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இடுப்பெலும்பில் பிளேட் வைத்திருந்தார்கள். பார்த்துக்கொள்ள அவளுடைய தங்கை வந்து தங்கினாள். டாக்டர் பிடித்துக்கொண்டு நடக்க ஒரு கைத்தாங்கியைக் கொடுத்து, கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்: இன்னும் ஒரு மாதத்துக்குள் எழுந்து நடந்து பழக வேண்டும், இல்லாவிட்டால் மூட்டு இறுகிப்போகும், பிறகு ஆயுசுக்கும் நடக்க முடியாது.

அவள் எழுந்திருக்க மாட்டேன் என்றாள்.

"அக்கா, ரெண்டே எட்டு. ஜன்னல் வரைக்கும் வா. நான் பிடிச்சுக்கிறேன்."

"வேணாம்டி."

"வலிக்குதா?"

"வலி இல்ல. நடந்து போய் இன்னொருத்தர் குடியக் கெடுக்கணுமா? ஒருத்தர் போதும்."

"நீயா கெடுத்த? அந்த ஆளு கண்ணு மண்ணு தெரியாம வந்தா நீ என்ன செய்வ?"

"செத்தவரப் பேசாத. நான்தான் எங்கயோ ஒரு படத்த விட்டுட்டேன். எண்ணிக்கிட்டே போனேன்டி, ஒன்பது படம் வரைக்கும் ஞாபகம் இருக்கு. பத்தாவது பார்த்தேனா இல்லையா?" என்று கூரையைப் பார்த்துக் கேட்பாள். பிறகு விரல்விட்டு முதலிலிருந்து எண்ண ஆரம்பிப்பாள். ஒன்பதுக்கு வந்ததும் விரல் நின்றுவிடும்.

தங்கை சமையலறைக்கு வந்து ரசமட்டத்திடம் சீறினாள். "மாமா, ஊர்ல இருக்கற சுவரு கோணினாச் சாப்பிடாம நிப்பீங்க. கட்டினவ கோணிக்கிட்டுக் கிடக்கா. ஏதாவது பேசுங்களேன்."

"என்ன பேசறது?"

"அவ மேல தப்பு இல்லன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவா. நான் சொன்னா, ஏழாங்கிளாஸ் ஃபெயிலான வாய்ங்கறா."

அவர் சொல்லவில்லை. பாத்திரம் விளக்கினார், தண்ணீர் பிடித்து வைத்தார், மனைவியைப் புரட்டி முதுகுக்குப் பவுடர் போட்டார். ஒவ்வொரு நாளும் சொல்லலாம் என்று நினைத்து, ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று வைத்தார். நாள் போய்க்கொண்டிருந்தது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் ரொட்டிக்காரரின் மனைவி வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து தங்கை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, "உடம்பு எப்படி இருக்குன்னு பார்க்க வந்தேங்க" என்றாள். கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டார்கள்.

"என்னத் திட்டிருங்க" என்றாள் ரசமட்டத்தின் மனைவி.

"திட்டறதுக்கு வரலங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். அவரு மணி அடிச்சாரா?"

"இல்லங்க."

"போலீஸ்லயும் அப்படித்தான் எழுதியிருக்காங்க. வாசல்ல பூனை நின்னாக்கூட அடிக்கிற மனுஷன். அடிக்காம வந்து உங்கள இடிச்சிருக்காரே, எப்படின்னு புரியாமக் கிடந்தேன். அப்புறம் அந்தப் பலகையப் பார்த்தேன். எழுதிப் போட்டிருந்தா அப்படியே செய்வாரு. மருந்துப் பாட்டில்ல குலுக்கவும்னு போட்டிருந்தா, குடிச்சப்புறமும் ஒரு தடவை குலுக்குவாரு." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "அவருதான் மன்னிக்க முடியாத தப்புப் பண்ணிட்டாரு. நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

"ஐயோ, அவரு ஒண்ணும் பண்ணலங்க. நான்தான் படத்தப் பார்க்காம அந்தப் பக்கம் காலை வச்சிட்டேன்."

"அவரும் படத்தப் பார்க்காமத்தான் வந்திருப்பாரு."

"இல்லங்க, நான்தான்."

இரண்டு பேரும் பழியை ஒருத்தர் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்ளப் போட்டி போட்டார்கள். ரசமட்டம் தண்ணீர் டம்ளரோடு கதவடியில் நின்றார்.

போகும்போது அந்தப் பெண் அவரைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணே, நீங்கதான கோடு போட்டது? நேத்துப் போய்ப் பார்த்தேன். ரொம்ப நேரா போட்டிருக்கீங்க."

மறுநாள் காலையில் அவர் இன்ஜினியர் அறைக்குப் போனார்.

"சார், நடுப்பாலத்துல படம் மாறிக் கிடக்கு."

"தெரியும். அதுக்கென்ன?"

"அது நான் பண்ணின தப்பு சார். முதல் நாள் இந்தக் கரையிலேருந்து போட்டேன், ரெண்டாம் நாள் அந்தக் கரையிலேருந்து போட்டேன். ரெண்டு தடவையும் என் இடது கைப் பக்கம் ஆள வச்சிட்டேன்."

இன்ஜினியர் எழுந்து கதவைச் சாத்தினார். ஜன்னலைச் சாத்தினார். கொஞ்சம் யோசித்து, ஃபேனையும் நிறுத்தினார்.

"வேலை சரியா முடிஞ்சுதுன்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

"நீங்க சார்."

"பார்க்காம நான் கையெழுத்துப் போடுவேனா?"

"போட மாட்டீங்க சார்."

"தப்பா இருந்தா போடுவேனா?"

"போட மாட்டீங்க சார்."

"அப்ப அது தப்பா?"

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர், எங்கே வந்து நிற்கிறோம் என்று பார்த்தபோது கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

ஆனாலும் அவர் விட்டுவிடவில்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். விசாரணைக்குப் பாதைப் பகிர்வு ஆய்வுக் குழு என்று ஏழு பேர் கொண்ட குழு ஒன்று போட்டிருந்தார்கள். சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஒட்டியதும் அவர்தான். குறித்த நாளில், துவைத்த சட்டை போட்டுக்கொண்டு நகராட்சி அரங்குக்குப் போனார். நீள மேஜை, ஏழு தண்ணீர் பாட்டில், நடுவில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தலைவராக. அவருக்குப் பக்கத்தில் இன்ஜினியர். இரண்டு ஓரத்திலும் சங்கத்துக்காரரும் பேரவைக்காரரும். ஆயத்தமான அறிக்கை அச்சாகி வந்து ஒவ்வொருவர் முன்னாலும் இருந்தது. விசாரணைதான் பாக்கி.

"தாங்கள்தாம் இக்கோட்டினை வரைந்தவரோ?" என்று பேராசிரியர் கேட்டார்.

"ஆமாங்க ஐயா. தப்பா வரைஞ்சிட்டேன்."

"எங்ஙனம்?"

ரசமட்டம் எழுந்து, மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று இடது கையைத் தூக்கினார். பிறகு சுற்றிப் போய் அந்தப் பக்கம் நின்று இடது கையைத் தூக்கினார். "பாருங்கய்யா, இங்க நின்னா இது இடது. அங்க நின்னா அது இடது." குழு உறுப்பினர்கள் நாற்காலியில் திரும்பித் திரும்பித் தங்கள் கைகளைச் சரிபார்த்தார்கள். நடப்போர் சங்கத்துக்காரர் வலது கையைத் தூக்கிவிட்டு, பக்கத்திலிருப்பவரைப் பார்த்து மாற்றிக்கொண்டார்.

"மிக நுட்பமான கருத்து. ஒரு கலைஞன் தன் படைப்பின் ஆழத்தைத் தானே அறிவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?" என்றார் பேராசிரியர்.

"ஐயா, ஆழமெல்லாம் இல்ல. மறந்துட்டேன்."

"தன்னடக்கம். ஆனால் எங்கள் அறிக்கையின் பதினேழாம் பக்கத்தைப் பாருங்கள். ஆற்றின் காட்சியை இரு தரப்பினரும் பாதிப் பாதியாகத் துய்க்கும்பொருட்டே நடுப்பாலத்தில் பக்கங்கள் மாற்றப்பட்டுள்ளன. இதற்குப் பரிமாற்றப் புள்ளி என்று பெயர்."

"எங்களுக்கும் பாதி ஆறு" என்றார் பேரவைக்காரர்.

"எங்க பாதியில குறை வைக்கக் கூடாது" என்றார் சங்கத்துக்காரர்.

"அந்த அம்மா பரிமாற்றப் புள்ளியில பக்கம் மாறத் தவறிட்டாங்க. ரொட்டிக்காரரும் தவறிட்டார். அதனால பொறுப்பையும் சமமாப் பிரிச்சிருக்கோம், ஆளுக்குப் பாதி. யாருக்கும் மனக்குறை வரக் கூடாது பாருங்க" என்றார் இன்ஜினியர்.

ரசமட்டம் மேஜைக்குக் கிட்டே வந்தார். "ஐயா, என்னை வேலைய விட்டு எடுத்தாலும் பரவாயில்ல. என் வீட்டுக்காரி மேல தப்பு இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. அவ படுத்த படுக்கையா இருக்கா. அதப் பார்த்தா எழுந்திருவா."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "அப்படி எழுதினால் முழுப் பழியும் இறந்தவர் மேலல்லவா விழும்? அவருக்கும் ஒரு மனைவி இருக்கிறாரே. அது மனிதத்தன்மையா, ஐயா?"

"அவர் மேலயும் இல்லன்னு எழுதுங்க. என் மேல எழுதுங்க."

"தங்கள் பெயரைத்தான் ஏற்கெனவே எழுதிவிட்டோமே" என்று பேராசிரியர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பாராட்டுக்குரியோர் பட்டியலில் மூன்றாவதாக அவர் பெயர் இருந்தது. ஒரு சான்றிதழையும் கையில் கொடுத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.

அவர் பாலத்தின் மேல் நடந்து வீடு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. டாக்டர் சொன்ன கெடுவுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. தங்கை சமையலை முடித்து மீனைப் பொரித்துக்கொண்டிருந்தாள். மனைவி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பக்கத்தில் அறிக்கை கிடந்தது. அவருக்கு முன்பே அது வீட்டுக்கு வந்துவிட்டது. நகராட்சி வார்டுக்கு நூறு பிரதி இலவசமாகக் கொடுத்திருந்தது.

அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இந்தாம்மா. ஒண்ணு சொல்றேன், கேளு. தப்பு உன்னுது இல்ல. என்னுது."

அவள் முகத்தைத் திருப்பினாள்.

"அது திட்டம் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. நான் ரெண்டு கரையிலேருந்தும் போட்டேன். ரெண்டு தடவையும் இடது பக்கம் ஆள வச்சிட்டேன். நடுவுல மாறிப்போச்சு. கோடு சேர்ந்துச்சான்னு பார்த்தேன், படத்தப் பார்க்கல. நீ சரியாத்தான் நடந்த. அவரும் சரியாத்தான் வந்தாரு. நான்தான்... அன்னிக்கே எனக்குத் தெரியும். ஒன்றரை மாசமா வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

அவள் அவரையே பார்த்தாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் கண்ணில் ஈரம் வந்தது. கையை நீட்டி அவர் சட்டைக் காலரைத் தொட்டுச் சரிசெய்தாள்.

"உங்களுக்குப் பொய் சொல்ல வரலங்க" என்றாள்.

"பொய் இல்லம்மா."

"இருபத்திரண்டு வருஷமா உங்களப் பார்க்கிறேன். சோத்துத் தட்டு கோணலா இருந்தாத் திருப்பி வைக்கிற ஆளு. நீங்களா இடது வலது தெரியாமப் போட்டீங்க? எனக்காக உங்க பேர எதுக்குக் கெடுத்துக்கறீங்க?"

"நெசமாச் சொல்றேன். கமிட்டியிலயும் சொல்லிட்டு வந்தேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

அவர் கையில் சுருட்டி வைத்திருந்த சான்றிதழை அவள் மெல்ல வாங்கி விரித்துப் பார்த்தாள். உதட்டை அசைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பிறகு அதை அறிக்கைக்கு அடியில் கசங்காமல் வைத்தாள்.

"ஆறு பார்க்கறதுக்குன்னு அச்சடிச்சே போட்டிருக்காங்க. நான்தாங்க பார்க்காமப் போயிட்டேன். பாதித் தப்புன்னு எழுதியிருக்காங்க, அவங்க நல்ல மனசு. முழுசா எழுதியிருக்கணும்." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நீங்க இவ்வளவு தூரம் எனக்காகப் பேசினதே போதும். அந்தக் கைத்தாங்கிய ஆஸ்பத்திரியிலயே திருப்பிக் குடுத்துருங்க. நடக்கிறவங்க யாராவது எடுத்துக்கட்டும்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் இன்னொரு முறை வாயைத் திறந்தார். சொல்வதற்கு இன்னும் இருந்தது. வேனோட்டின டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம், இரண்டு தகடையும் கொண்டுவந்து தரையில் வைத்துக் காட்டலாம். வாயை மூடிக்கொண்டார்.

கதவடியில் கரண்டியோடு தங்கை நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மாமா" என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பிறகு, "சாப்பிட வாங்க" என்றாள்.

அவருக்கு நல்ல பசி. மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.